கல்லாவும் கணிப்பொறியும்: எதை அளந்தார்கள்?

ஒரு தராசு சரியாக இருக்கிறதா என்று அறிய நீங்கள் என்ன செய்வீர்கள்? எடை தெரிந்த ஒரு படிக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்பீர்கள். தராசு பளபளப்பாக இருக்கிறது, நாள்தோறும் ஆயிரம் பேருக்கு நிறுத்துக் கொடுக்கிறது, கடைக்காரர் வேறு தராசைத் தொடுவதே இல்லை என்பவையெல்லாம் அது சரியான தராசு என்பதற்குச் சான்றாக மாட்டா. ஆனால் பெரிய நிறுவனங்கள் தம் அலுவல்களுக்கென வாங்கும் மென்பொருள்களை மதிப்பிடும்போது பெரும்பாலும் இந்த மூன்றையுமே அளக்கின்றன.

அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. 1991-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 9126 என்னும் பன்னாட்டுத் தரவிதி, மென்பொருளின் பண்புகளை ஆறாக வகுத்தது. 1992-இல் டிலோன், மெக்லீன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேறோர் ஆறைச் சொன்னார்கள்: அமைப்பின் தரம், அது தரும் தகவலின் தரம், எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது, பயன்படுத்துவோரின் மனநிறைவு, தனி மனிதர் வேலையில் அதன் விளைவு, நிறுவனத்தில் அதன் விளைவு. இவற்றுள் மூன்றாவது எப்போதும் உறுத்துகின்றது. வேறு வழியில்லாதவர் பயன்படுத்துவதை வெற்றி என்று எண்ணலாமா? ஊருக்கு ஒரே கிணறு என்றால், தண்ணீர் உப்புக் கரித்தாலும் கூட்டம் நிற்கத்தான் செய்யும்.

இந்த அளவுகளின் குறையைப் பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கு வெளிச்சமாக்கியது. அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் பெரும்பாலானவற்றைத் துணை அஞ்சல் அதிபர்கள் எனப்படும் தனியார் ஒப்பந்தத்தின்பேரில் நடத்துகின்றனர். மளிகைக் கடையின் ஒரு மூலையில் அஞ்சல் சாளரம் இருக்கும். 1999 முதல் இந்நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணிப்பொறி அமைப்பு நிறுவப்பட்டது. அதைக் கட்டியது, ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான ஐ.சி.எல். நிறுவனம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1996-இல் ஒப்பந்தம் போட்டபோது, அரசு உதவித்தொகைகளை அட்டை மூலம் வழங்குவது இதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. 1999 மே மாதத்தில் அந்த அட்டைத் திட்டத்தை அரசு கைவிட்டது. மிஞ்சியது கிளைக் கணக்கு.

கிளையில் நடக்கும் வேலைதான் என்ன? அஞ்சல் தலை விற்பார்கள், ஓய்வூதியம் கொடுப்பார்கள், கட்டணங்கள் வாங்குவார்கள். பிறகு கல்லாவை எண்ணிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஏடு காகிதத்தில் இருந்த காலத்தில், துண்டு விழுந்தால் பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் புரட்டித் தவற்றைப் பிடிக்கலாம். கணக்கு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும்: அந்த வேலையில் கூட்டல் கொஞ்சம், தேடல்தான் அதிகம். ஹொரைசன் கூட்டலைத் தான் எடுத்துக்கொண்டு, தேடுவதற்கான வழியைக் குறுக்கிவிட்டது. முழு விவரப் பதிவுகள் ஃபுஜிட்சுவிடம் இருந்தன. 'இந்தத் துண்டுத் தொகையை நான் ஏற்கவில்லை' என்று குறிக்கத் திரையில் இடமே கிடையாது. பணத்தைக் கட்ட வேண்டும். அல்லது தலைமையகத்தோடு பிறகு தீர்த்துக்கொள்வதாக ஏற்க வேண்டும். இல்லையேல் அடுத்த கணக்குக் காலத்துக்குப் போக முடியாது. மறுப்பவர் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் முறையிட வேண்டியதுதான்.

2015 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் டல்மெல்லிங்டன் கிளையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 8,000 பவுன் ரொக்கத்தை வரவு வைக்கப் பொத்தானை அழுத்தியபோது திரை நகரவில்லை. மீண்டும் அழுத்தினார்கள். அழுத்திய ஒவ்வொரு முறையும் 8,000 வரவாகி, நான்கு முறையில் 32,000 ஆயிற்று. கையில் இருந்தது 8,000. 'காணாமற்போனது' 24,000 பவுன். பிறகு ஆராய்ந்ததில், இதே வகைப் பிழை ஐந்தாண்டுகளில் 112 முறை நேர்ந்திருக்கக் கண்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை அவ்வப்போது திருத்தப்பட்டிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் காரணத்தை ஐந்தாண்டுகளாக யாரும் அகற்றவில்லை.

ஆலன் பேட்ஸ் முன்னின்று நடத்த, 555 பேர் தொடுத்த வழக்கில் ஹொரைசன் பற்றிய விசாரணை 2019-இல் நடந்தது. அஞ்சல் நிறுவனத்தின் தரப்பு நிபுணர் ஒரு கணித வாதத்தை வைத்தார்: 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 30 லட்சம் மாதக் கணக்குகள் எழுதப்பட்டுள்ளன, ஆகவே குறிப்பிட்ட ஒரு கணக்கில் பிழை புகுந்திருக்கும் வாய்ப்பு மிகமிகச் சிறிது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். மாணவர்களே, இதைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பத்தாயிரத்துக்கு ஒரு கணக்குத்தான் தவறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99.99 மதிப்பெண்! ஆனால் 30 லட்சத்தில் அது 300 கணக்கு. பாதியில் பணம் மிகுதியாகத் தெரிந்தாலும் 150 பேருக்குத் துண்டு விழும். நீதிமன்றத்தின் முன் நிற்பவர்கள் 30 லட்சத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் அல்லர். துண்டு விழுந்ததால் வந்தவர்கள். எனவே 'பிழை அரிதா?' என்பது தவறான கேள்வி. துணை அஞ்சல் அதிபர் திருடுவதும் அரிதுதான். இரண்டு அரிய காரணங்களுள் எது கூடுதலாக நேரக்கூடியது என்பதல்லவா கேள்வி?

நீதிபதி ஃபிரேசர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2019 டிசம்பர் 16-இல் அளித்த தீர்ப்பில், ஹொரைசனின் பழைய வடிவம் உறுதியானதே அன்று என்றார். பிழைகளின் பட்டியலையும் இணைத்தார். கிளையின் கணக்கில் அதிபர் அறியாமலே ஃபுஜிட்சு பணியாளர் பதிவு செய்ய முடியும் என்பதும் உறுதியாயிற்று. அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகளாக மறுத்து வந்தது அது.

பெரும்பாலான கிளைகளில் பெரும்பாலான நாட்களில் ஹொரைசன் ஒழுங்காகவே கூட்டியது. அதை யாரும் மறுக்கவில்லை. நம் குறை, அளந்த இடத்தைப் பற்றியது. எத்தனை துண்டு விழுந்தது, அவற்றுள் காரணம் கண்டுபிடித்து முடித்தவை எத்தனை, காரணம் காணாமலே அதிபரிடம் வசூலித்து முடித்தவை எத்தனை? இந்த மூன்று எண்களை ஆண்டுதோறும் எழுதி வைத்திருந்தால் போதும், நிபுணர் தேவையில்லை. தெரிந்த தவறு ஒன்றை வேண்டுமென்றே ஒரு கிளையில் புகுத்தி, அதிபர் தம் திரையைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்திருக்கலாம். அதுதான் இங்கே படிக்கல். மாறாக, 'ஹொரைசன் உறுதியானது' என்ற சொற்றொடர் மீண்டும் மீண்டும் அளவீட்டின் இடத்தில் அமர்ந்தது.

சட்டமும் கைகொடுக்கவில்லை. இங்கிலாந்தில் கணிப்பொறிச் சான்றை முன்வைப்போர் அது ஒழுங்காக இயங்கியதெனக் காட்ட வேண்டும் என்று 1984-இன் சட்டம் கூறியது. 1999-இன் ஒரு சட்டம் அவ்விதியை நீக்கியது. மாற்றாகக் காட்டப்படும்வரை கணிப்பொறி சரியே என்று கொள்ளும் நிலை வந்தது. பதிவுகளோ எதிர்த்தரப்பிடம். 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர்; அவர்களுள் ஏறக்குறைய 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமேதான். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. எஞ்சியவர்களில் பெரும்பாலோருக்கு 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் அவர்களுள் பலர் இறந்திருந்தனர்.