துணைக்கு வந்தவர் வெளியே இருக்கட்டும்

தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்று மனநலப் பிரிவுக்கு வரும் பெண்ணிடம் பசியைப் பற்றிக் கேட்கிறார்கள், சாகத் தோன்றுகிறதா என்றும் கேட்கிறார்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்பது அரிது. கேட்டாலும் அவள் எப்படிச் சொல்வாள்? பக்கத்து நாற்காலியில் கணவரோ மாமியாரோ உட்கார்ந்து, பாதிக் கேள்விகளுக்குத் தாமே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையிலான மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 விழுக்காட்டினர் உதவி தேடவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அந்த மௌனம் உடல் உபாதையாக மாறி வந்து நிற்கும் இடங்களில் ஒன்று மனநலப் பிரிவு. அங்கேயும் கேட்காமல் விட்டால் வேறு எங்கே கேட்பார்கள்?

மாத்திரையைக் குறை சொல்வதற்கில்லை. மனச்சோர்வு தணிந்து நான்கு இரவு தூங்கினால்தான் அடுத்து என்ன செய்வது என்று அவளால் யோசிக்க முடியும். ஆனால் காரணத்தைப் பதியாமல் நோயின் பெயரை மட்டும் எழுதிய சீட்டு அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடும். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனநோயையும் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளக் கூடாது என்கிறது. ரகசியம் காக்கும் உரிமையையும் தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நோயாளி தனக்கான பிரதிநிதியை முன்பே நியமிக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகிறது. திருமணத்தால் வந்த உறவும் அதில் அடக்கம். அடிப்பவரே அவள் சார்பில் பேசும் பிரதிநிதியாகலாம். வேறொருவரை நியமிக்க உனக்கு உரிமை உண்டு என்று அவளிடம் சொல்ல வேண்டியவர் மருத்துவர்; என்ன நடக்கிறது என்று கேட்காதவருக்கு அதைச் சொல்லத் தோன்றாது.

கூட்டம் நெரியும் இடத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். எல்லா நோயாளிகளிடமும் கேட்கும்படி உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. ஆனால் அதன் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் உள்ளவர்களிடம் கேட்கச் சொல்கிறது. அதுவும் தனியிடமும் பயிற்சியும் அடுத்து அனுப்ப ஓரிடமும் இருந்தால் மட்டுமே. மும்பை பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு மாநகராட்சியும் செஹாத் அமைப்பும் தொடங்கிய ‘திலாசா’ ஆலோசனை மையம் இதைச் செய்துகாட்டியது. மருத்துவமனை ஊழியர்களே பயிற்சி பெற்று ஆலோசகர்களானார்கள். பின்னர் மாநகராட்சியின் மற்ற மருத்துவமனைகளுக்கும் திட்டம் பரவியது. குடும்பத்தைப் பிரிப்பது மருத்துவரின் வேலையா என்பது இன்னொரு ஆட்சேபம். ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று அனுப்பிவைப்பவரும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறார்.

பாலியல் வன்முறையில் சிக்கல் கூடுதல். பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, மூடிமறைப்பதைத் தடுக்க வந்தது. அதே விதிக்குப் பயந்து பேச வந்தவள் வாயை மூடிக்கொள்ளவும் கூடும். வழக்கு வேண்டாம் என்ற அவள் முடிவைப் பதிவு செய்ய மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலில் இடமுண்டு. கணவரின் பாலியல் வல்லுறவு தண்டனைச் சட்டத்தில் விலக்குப் பெற்றிருந்தாலும், பாலியல் கொடுமை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வருகிறது. இவற்றைப் பேசத் தனியறை வேண்டும், சமூகப் பணியாளர் வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். துணைக்கு வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்ல மட்டும் எந்த அரசாணையும் தேவையில்லை. மருத்துவர்கள் அதை நாளையே தொடங்கலாம்.