குறட்டைச் சத்தம்

ஷூசாகு எண்டோவின் ‘சைலன்ஸ்’ (1966) நாவலை அப்பா இறந்த மூன்றாம் மாதம் படித்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா முழங்காலிட்டு ஜெபித்த இரவுகளுக்கு எந்தப் பதிலும் வரல. நான் சாஃப்ட்வேர்காரன், ரிக்வெஸ்ட் போனா ரெஸ்பான்ஸ் வரணும், குறைஞ்சது எரராவது வரணும்.

17ஆம் நூற்றாண்டு ஜப்பான். சிறையில் இருக்கும் பாதிரியார் ரோட்ரிகஸுக்குக் காவலாளியின் குறட்டை எரிச்சலூட்டுகிறது. ஆனால் அது குறட்டையில்லை. குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட கிறிஸ்தவர்களின் முனகல். கிறிஸ்துவின் உருவம் பதித்த தகட்டை அவர் மிதித்தால் அவர்களை விட்டுவிடுவார்கள். மிதிக்கப்போகும் நொடியில் அந்த உருவம் அவரிடம் பேசுகிறது.

எல்லோரும் கொண்டாடும் அந்த இடத்தில்தான் எண்டோ அவசரப்பட்டுவிட்டார் என்பேன். அந்தக் குரல் தேவையே இல்லை. கடவுள் மௌனமா இருக்கார்னு முறையிட்டவர் காதில் முனகல் குறட்டையாக விழுந்ததே, நாவல் அங்கேயே பேசி முடித்துவிட்டது.

அம்மா இன்னும் தினமும் ஜெபிக்கிறாங்க. “இப்ப யாருக்கும்மா?” என்று கேட்டேன்.

“அந்த வராண்டாவுல நம்ம பக்கத்துல அழுதுட்டே இருந்தாளே, அந்தப் பொண்ணோட புருஷனுக்கு.”

அப்படி ஒரு பெண் அங்கே இருந்ததே எனக்கு ஞாபகமில்லை.