அப்பிளை விடுங்கள், சீமைமாதுளையைக் கவிழுங்கள்

சீனியைக் கருக்கி, அதன்மேல் பழம் அடுக்கி, பழத்தின்மேல் மாவைப் போர்த்தி வேகவைத்து, கடைசியில் தலைகீழாகக் கவிழ்க்கிற அந்தப் பிரெஞ்சுத் தார்த்தை நம்மவர்கள் பலரும் சாப்பிட்டிருப்பீர்கள். தார்த் தத்தான் என்பார்கள். நீங்கள் சாப்பிட்டது அப்பிளில் செய்ததாக இருக்கும். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே தார்த்தைச் சீமைமாதுளையில் ஒருமுறை சாப்பிட்டவர் அப்பிள் பக்கம் திரும்ப மாட்டார். நான் திரும்பவில்லை.

பாரிசில் ஐப்பசி பிறந்தால் துருக்கிக்காரரின் கடைகளிலும் சென் தெனிச் சந்தையிலும் இந்தப் பழம் குவிந்து கிடக்கும். பிரெஞ்சில் 'குவான்'. மஞ்சள் நிறம், கோணல்மாணலான உருவம், தோலில் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய பஞ்சு. லா சப்பல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிப் போகிற நம்மவர்கள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களைப் பிழை சொல்லவும் முடியாது. பச்சையாகக் கடித்தால் பல்லுக்கு ஆபத்து, கடித்த துண்டு வாய் முழுக்கக் கயர்க்கும். ஆனால் இரண்டு பழத்தைக் குசினி மேசையில் சும்மா வைத்துப் பாருங்கள். மறுநாள் கதவைத் திறக்கும்போதே வாசம் வரும்.

அந்த இறுக்கத்தையும் கயர்ப்பையும் வெல்ல நெருப்பும் பொறுமையும் வேண்டும். ஒரு கிலோ பழத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 300 கிராம் சீனி, அரைத் தேசிக்காய். பஞ்சைத் துடைத்து, தோல் சீவி, நான்காக வெட்டி, கல்லுப்போல் இருக்கும் நடுப்பகுதியை எடுத்துவிட வேண்டும். எடுத்த தோலையும் நடுவையும் எறிந்துவிடாமல் ஒரு துணியில் முடிந்து அதே சட்டிக்குள் போடுங்கள். பெக்டின் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மெல்லிய நெருப்பில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். முதலில் தந்த நிறமாக இருந்த துண்டு மெல்ல ரோசாவாகும், பிறகு செங்கல் சிவப்பாகும். ஒரு துளி சாயமும் சேர்க்கவில்லை! வாயைக் கயர்க்க வைத்த அதே பொருள்தான் புளிப்பிலும் சூட்டிலும் நெடுநேரம் கிடந்து, முந்திரிகைப் பழத்துக்கு நிறம் கொடுக்கிற சாயத்தின் இனமாக மாறிவிடுகிறது. இவ்வளவு வெந்தும் துண்டு கரையாது, கத்தியால் வெட்டிய விளிம்பு வெட்டியபடியே நிற்கும். சாதாரண அப்பிள் அரை மணி நேரத்தில் களியாகிவிடும்.

பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு போடுகிற ஊர்க்காரருக்கு இந்தப் பழத்தின் இன்னொரு முகத்தைச் சொல்ல வேண்டும். இதன் களியைச் சீனியோடு இறுக்கி, வெட்டித் துண்டு போடுவார்கள். நம்முடைய பனாட்டுக்கு ஐரோப்பாவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரம் உண்டென்றால் அது இதுதான். ஓர்லேயன் நகரத்தார் இதன் சாற்றைச் செக்கச்செவேலென்று உறையவைத்து, சின்ன வட்ட மரப்பெட்டிகளில் அடைத்து, 'கோதிஞ்யாக்' என்று நூற்றாண்டுக் கணக்காக விற்கிறார்கள். காஷ்மீரத்தில் இதே பழம் கத்தரிக்காயோடு சேர்ந்து கறியாகிவிடுகிறது.

ஓர்லேயனிலிருந்து தெற்கே கொஞ்சத் தூரத்தில்தான் லாமொத்-பெவ்ரோன் என்ற சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே புகையிரத நிலையத்துக்கு எதிரே ஸ்தெஃபானி, கரோலின் என்ற தத்தான் சகோதரிகள் ஹோட்டல் நடத்தினார்கள். வேட்டைக்கு வந்த கூட்டத்துக்குச் சமைக்கிற அவசரத்தில் அக்கா ஸ்தெஃபானி அப்பிளை அடுப்பில் மறந்துவிட்டு, கருகத் தொடங்கிய பிறகு மேலே மாவைப் போட்டுச் சமாளித்தாள் என்று ஒரு கதை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. அந்தப் பகுதியில் கவிழ்த்துப் போடும் தார்த்து அதற்கு முன்பே இருந்தது. மறதிக்காரி ஒருத்தியின் கையில் இவ்வளவு கணக்கான பண்டம் பிறக்குமா? 1926 இல் கியூர்னோன்ஸ்கி என்ற உணவு எழுத்தாளர் பாரிசுக்கு அதை எடுத்துச் சொல்ல, சகோதரிகளின் பெயர் நிலைத்தது. கதை பிறப்பதற்கு முன்பே அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, இதை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான அளவெட்டியில் எப்படிச் செய்வது? பழத்தைப் பாரிசிலேயே அவித்து, சூட்டோடு போத்தலில் அடைத்து, பயணப் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனேன். ஆறியதும் பாணி தானாகவே உறைந்து ஜெலியாகிவிடும், சிந்தாது. போனது மார்கழியில். அதைவிட நல்ல மாதம் கிடையாது. தார்த்தின்மேல் போர்த்துகிற மாவுக்கு எதிரி வெக்கை. சித்திரையில் அளவெட்டியில் பட்டரைக் கையில் எடுத்தால் எண்ணெயாய் வழியும். மார்கழி விடியப்புறத்தில், திருவெம்பாவைச் சங்கு கேட்கிற நேரத்தில், குசினி நிலம் சில்லென்று இருக்கும். 200 கிராம் கோதுமை மா, ஐஸ் பெட்டியில் இறுகவைத்துத் துருவிய 100 கிராம் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, மூன்று நான்கு கரண்டி ஐஸ் தண்ணீர். விரல் நுனியால் உதிர்த்துச் சேர்க்க வேண்டும், ரொட்டிக்குப் போலப் பிசையக் கூடாது. மாஜரின் போட்டால் மலிவு, ஆனால் ருசி போய்விடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள், இதில் முட்டையே இல்லை. திருவெம்பாவைக் காலத்தில் மரக்கறிச் சட்டி ஏறிய வீட்டில் கிறிஸ்மஸ் கேக்குக்கு இடமில்லை. இதற்கு இடம் இருந்தது.

அடி தடித்த தாச்சியில் 150 கிராம் சீனியை அப்படியே போட்டு, அகப்பை வைக்காமல், தாச்சியை மட்டும் ஆட்டி ஆட்டி உருக்கினேன். பக்கத்தில் நின்ற பெரியம்மா, "என்ன பிள்ளை, கரியப் போகுதே!" என்று பதறினார். கரிய வேண்டும்தான் பெரியம்மா, ஆனால் கருகக் கூடாது. தேன் நிறம் தாண்டிக் கடுந்தேயிலை நிறம் வருகிற நொடியில் இறக்கி, 60 கிராம் பட்டரும் உப்பும் போட்டேன். அவர் சொன்னதற்காக ஒரு துண்டு பனங்கட்டியும் சேர்த்தேன். அங்கேதான் தத்தான் சகோதரிகளை அளவெட்டி மிஞ்சியது. பனங்கட்டியையே தொடக்கத்தில் உருக்கினால் நிறம் தெரியாமல் அடிபிடித்துக் கசக்கும். இறக்கிய பிறகு போட்டால் அந்தப் புகை கலந்த இனிப்பு கடைசிவரை நிற்கும்.

உறைந்த பாணியை இளக்கி வடித்து, துண்டுகளின் வளைந்த பக்கம் கீழே இருக்க நெருக்கி அடுக்கி, மேலே மாவை வட்டமாக விரித்து, விளிம்பை உள்ளே சொருகினேன். பாரிசில் என்றால் 200 பாகையில் அரை மணி நேரம். இங்கே பெரியம்மாவின் பழைய கேக் முறை: பெரிய சருவத்தில் மணல், மணலின்மேல் தாச்சி, மூடியின்மேல் சிரட்டைத் தணல். மேல் நெருப்பு கூடுதலாக, கீழ் நெருப்பு குறைவாக இருக்க வேண்டும். என்னுடைய மின்சாரப் போறணையில் ஒருநாளும் வராத மொறுமொறுப்பு அந்தத் தணலில் வந்தது.

இறக்கி ஒரு பத்து நிமிடம். அதற்கு முன் கவிழ்த்தால் பாகு வழியும், பிந்தினால் ஒட்டிக்கொள்ளும். அகலக் கோப்பையை மேலே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே வீச்சு. ஐயோ, அந்தச் சிவப்பு! மாணிக்கப் பரல் பதித்த தட்டு. முதல் வாயில் பாகின் கசப்பு, பின்னால் புளிப்பு, பிறகு எங்கிருந்தோ ஒரு பூ வாசம், கடைசியில் மா நொறுங்குகிறது. நாதஸ்வரத்தில் என். கே. பத்மநாதனையும் தவிலில் தெட்சணாமூர்த்தியையும் கேட்டு வளர்ந்த ஊர் இது, லேசில் தலையாட்டாது. பெரியம்மா இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். அளவெட்டியில் அது பெரிய பட்டம்.

பழம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். இந்தத் தார்த்துக்குத் தேவை புளிப்பும் இறுக்கமும். ஆனி ஆடியில் சுன்னாகம் சந்தைக்குப் போய்ச் செங்காய்ப் பருவத்தில் கறுத்தக்கொழும்பான் வாங்கிச் செய்யுங்கள், நன்றாகவே வரும். நன்கு கனிந்தது வேண்டாம், நீராய் ஓடும். வாழைப்பழமும் வேண்டாம், தித்திப்பின்மேல் தித்திப்பு.

பிரான்சிலும் சுவிசிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஐப்பசியில் இரண்டு கிலோ வாங்கி அவித்துப் போத்தலில் அடையுங்கள். மார்கழியில் ஊருக்குப் போகும்போது கொக்கோப் பெட்டிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்தப் போத்தல்களை வையுங்கள். தார்த்தை இளஞ்சூட்டில், வெறுமனே பரிமாறுங்கள். தயவுசெய்து மேலே ஐஸ்கிறீம் வைக்காதீர்கள்.