பழைய வில்லைகளும் மலையக முகங்களும்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பழைய வில்லைகளைக் கொண்டு படம்பிடிக்கும் ஆர்வம் அண்மைக் காலத்தில் இளைஞரிடையே மீண்டும் தலைதூக்கியுள்ளது. அவ்வில்லைகளுக்குத் தனிக்குணம் ஒன்று உண்டென்பர். அப்புத்தளை, தம்பதென்னைச் சரிவுகளிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் இவர்களுக்கு உவப்பான பொருளாகின்றனர். இவ்விரண்டும் சேருமிடத்து எழும் வினா ஒன்றுண்டு.

குணத்தின் காரணம் மருமமன்று. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்களவைத் திருப்பிவிடுகின்றது. அவ்வொளி வில்லையினுள்ளே அலைந்து, படத்தின் கருநிழல்கள் மேல் மெல்லிய வெளிறலாகப் படிகின்றது. 1935இல் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மகுலா தெறிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டபின்னரே இந்நிலை படிப்படியாக மாறிற்று. பெட்ஸ்வால் 1840இல் அமைத்த உருவப்பட வில்லையிலோ நடுப்பகுதி கூர்மையாயிருக்க, ஓரங்கள் குழைந்துபோகும். இன்று குணமெனப் போற்றப்படுவது அன்று குறையே. குறை கலையாகலாம், ஆயின் அது யாருடைய முகத்திற் படிகின்றதென வினவுதல் விமர்சகனின் கடன்.

மென்மையான படங்களுக்குப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டிலேயே மறைந்தார். கோப்பித் தோட்ட உடைமையாளரின் மனைவி அவர். 1866 முதல் அவர் கையாண்ட டால்மயர் வில்லையின் குவியத்தூரம் 30 அங்குலம். அத்தகைய நெடுவில்லையை அண்மையில் நிறுத்தும்போது கண் தெளிந்தால் காது மங்கும். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றுள் தோட்டத் தொழிலாளரும் உளர். அம்மங்கலில் அவர்கள் மறைந்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர் மலையை விட்டு மனிதரை நெருங்கினார். ஆனால், இங்கிலாந்திலே அவர் படமெடுத்த பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரை நாமறிவோம். இத்தொழிலாளருள் ஒருவரது பெயரையும் அறியோம். இது வில்லையின் குறையன்று.

லயனல் வென்ட்டின் (1900–1944) படங்களை இதனோடு ஒப்புநோக்கலாம். அவரது கால வில்லைகளும் பெரும்பாலும் பூச்சற்றவையே. எனினும், கூரிய வெயிலையும் இருட்டறை வேலைப்பாட்டையும் கொண்டு உடலின் கோடுகளை அவர் அழுத்தமாகவே நிறுத்தினார். ஆதலின் குணத்தைக் கண்ணாடியின் தலையில் மட்டும் கட்டிவிடுதல் பொருந்தாது.

ஊவாவில் மூடுபனி தானே ஒரு வில்லை. நமுனுகுலையை அது மூடும் காலையில், ஒளிக்கும் நிழலுக்குமுள்ள வேறுபாடு ஏலவே குன்றியிருக்கும். அதன்மேற் பூச்சற்ற வில்லையையும் ஏற்றித் தொலைவில் நின்று எடுத்தால், கொழுந்துக் கூடை தெரியும், பெண் தெரியாள்; பச்சை மலையின் மற்றுமொரு புள்ளியாவாள். தேயிலை விளம்பரங்கள் நெடுங்காலம் செய்துவந்ததும் இதுவே. அதனைக் கலையென்ற பெயரால் நாமும் செய்ய வேண்டுமா? பழைய வில்லையைக் கைவிடுக என்பதன்று எனது வாதம். இரண்டடி தூரத்திற்கு வருக என்பதே.

எங்கள் லயங்களில் வேறொரு வகைப் படமும் உண்டு. கலை விமர்சனம் இதுவரை அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இயற்கைப் பெருக்கம் நீங்கலாக, 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவ்வாறு புறப்பட்டோர் கடவுச்சீட்டுக்காகப் படமெடுத்துக்கொண்டனர். அவற்றில் மூடுபனியில்லை, குழைந்த ஓரமில்லை. நேர்நோக்கிய முகம், வெற்றுத் திரை. நாட்டை விட்டு அனுப்புவதற்கென எடுக்கப்பட்ட அப்படங்களிலேதான் அவர்களுடைய நெற்றிச் சுருக்கம்வரை தெளிவாகத் தெரிகின்றது. பெயரும் உடன் எழுதப்பட்டிருக்கின்றது.