ஆண்கள் பள்ளியில் பாலினம் யாருடைய பாடம்?

பெண்கள் இல்லாத இடத்தில் பாலினப் பிரச்சினையும் இல்லை என்ற எண்ணம் நம் கல்வித்துறையில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பாலினம் பற்றிய அமர்வு என்றால் பெரும்பாலும் மாணவிகளின் பாதுகாப்பு, மாதவிடாய்ச் சுகாதாரம், குழந்தைத் திருமணம், இடைநிற்றல். இவை அனைத்தும் தேவைதான். ஆனால் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து வந்து அந்த அமர்வில் உட்காரும் ஆசிரியர், இது நமக்கானது அல்ல என்று குறிப்பேட்டை மூடிவிடுகிறார். அப்படி மூட இடம் தருவதே இந்தப் பயிற்சியின் முதல் குறை.

ஆண்கள் பள்ளியில் பெண் இல்லாமல் இல்லை, வசவாக இருக்கிறாள். அழுகிற பையனிடம் 'பொட்டப்புள்ள மாதிரி அழாதே' என்கிறோம். ஓட்டத்தில் பின்தங்கியவனை 'வளையல் போட்டுக்கோ' என்கிறோம். மென்மையாகப் பேசுபவனுக்கு ஆறாம் வகுப்பிலேயே ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடுகிறது. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தால், அறிவுரை அவருக்குத்தான் கிடைக்கிறது: கண்டிப்பாக இருங்கள், சேலைமேல் கோட்டு அணியுங்கள். சிரித்தவர்களிடம் என்ன பேசுவது என்று அவருக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை.

மாதவரத்திலிருந்து மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வரை லாரியும் கண்டெய்னரும் ஆலையும் துறைமுகமும்தான் வாழ்க்கை. உடல் வலிமைதான் இங்கே பலருக்குச் சோறு போடுகிறது. ஆகவே 'ஆம்பளையா இரு' என்பது இந்தப் பையன்களுக்குத் திட்டு மட்டுமல்ல, பிழைக்கும் வழியாகவும் சொல்லித் தரப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் மேடையேறி 'பெண்களை மதியுங்கள்' என்று சொல்லிவிட்டு இறங்கினால், பையன்கள் கைதட்டிவிட்டுக் கலைந்து போவார்கள்.

இந்தப் பயிற்சிக்கான பாடநூல் தமிழிலேயே இருக்கிறது. அ. ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி' 2011இல் வந்தது. ஆண் குழந்தை என்று பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஒரு திருநங்கையின் சிறுவயது அதில் இருக்கிறது. சக மாணவர்களின் கேலியை மட்டும் அவர் எழுதவில்லை. அந்தக் கேலியில் ஆசிரியரும் சேர்ந்துகொள்வதை, 'ஆண்மை' இல்லாததற்காக அடி விழுவதை எழுதுகிறார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். நாம் இவற்றைத் திருநங்கையர் வாழ்வு பற்றிய நூல்களாக மட்டும் அடுக்கிவிட்டோம். ஆண்பிள்ளைகளை வளர்க்கும் முறை பற்றிய சாட்சியமாக இவற்றை ஆசிரியர்கள் முன் யார் வைத்தார்கள்?

முயற்சிகள் இல்லாமலில்லை. 2021 ஜூனில், சுஷ்மா வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கல்வி நிறுவனங்களுக்கும் வழி சொன்னார்: பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோரிடம் பேச வேண்டும், பாலின வேறுபாடற்ற கழிப்பறைகள் வேண்டும், ஆலோசகர்கள் வேண்டும். அதே ஆண்டு திருநர் குழந்தைகளைப் பள்ளியில் உள்ளடக்குவது குறித்து என்சிஇஆர்டி ஒரு பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஆசிரியருக்காக எழுதப்பட்ட கையேடு ஆசிரியரின் கைக்கு வரும் முன்பே திரும்பப் போய்விட்டது.

பேசினால் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஹரியானாவிலிருந்து ஒரு பதில் உண்டு. 'பிரேக்த்ரூ' அமைப்பு 150 அரசுப் பள்ளிகளில் சுமார் இரண்டரை ஆண்டுகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிட வகுப்பு நடத்தியது. ஆய்வாளர்கள் அதைத் தீவிரமாக அளந்தார்கள். மாணவ மாணவியரின் மனப்பான்மை மாறியது. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுப்பதாகச் சொன்னார்கள். கவனிக்க வேண்டியது, வகுப்பை எடுத்தவர்கள் அமைப்பின் ஊழியர்கள். திட்டம் முடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். பள்ளியில் இருப்பவர்கள் ஆசிரியர்கள். பயிற்சி அவர்களிடம் தங்க வேண்டும்.

நூலகத்தின் கதை இன்னும் வருத்தமானது. நூலகர் பயிற்சியில் சென்னைக்குப் பழைய பெருமை உண்டு. எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னின்ற சென்னை நூலகச் சங்கம் 1929இல் கோடைப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. புத்தகம் பயன்படுத்தவே, பூட்டிவைக்க அல்ல என்பதுதான் ரங்கநாதனின் முதல் விதி. இன்றோ அரசுப் பள்ளிகள் பலவற்றில் தனி நூலகரே கிடையாது. பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் அலமாரிச் சாவி கூடுதல் பொறுப்பாகத் தரப்படுகிறது. புத்தகம் தொலைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்ற பயத்தில் அவர் பூட்டியே வைக்கிறார். பயிற்சி என்று கிடைத்தால் அது இருப்புப் பதிவேடு பற்றியதாக இருக்கும். அலமாரியைத் திறந்தாலும் தலைவர்கள், வீரர்கள், விஞ்ஞானிகள். பெண் எழுதியது எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆணின் அழுகையை, பயத்தை, சமையலைச் சொல்லும் கதை எத்தனை என்றும் எண்ணுங்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை எளிமையானவை. ஆண்கள் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி அமர்வு வேண்டும். அதில் அவர்கள் தினமும் பயன்படுத்தும் வசவுகளே முதல் பாடமாகட்டும். நூலகப் பொறுப்பாளருக்கு வாரத்தில் சில பாடவேளைகளை விடுவித்துத் தர வேண்டும். தொலைந்த புத்தகத்துக்கு அவர் பணம் கட்டும் நிலை போக வேண்டும். வாங்கும் பட்டியலில் அம்பை, பாமா, ரேவதி இடம்பெற வேண்டும். ஆசிரியை புகார் சொன்னால் அவருடைய உடையைப் பற்றிப் பேசக்கூடாது என்று தலைமையாசிரியருக்கும் பயிற்சி தர வேண்டும்.

பெண்கள் பள்ளியில் நாம் எவ்வளவு தைரியம் சொல்லிக் கொடுத்தாலும், அந்தப் பெண் மாலையில் ஏறும் பேருந்தில் ஆண்கள் பள்ளிப் பையன்களும் ஏறுகிறார்கள். அந்தப் பேருந்துக்குப் பொறுப்பை இதுவரை அவளிடம் மட்டுமே கொடுத்திருக்கிறோம்.