இருத்தலும் அடைபடுதலும்

நிலத்தை அளப்பது பழமையான கலை. பல்லாவரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி, 1802ஆம் ஆண்டில், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவைப் பணி அக்கோட்டை அடிப்படையாகக் கொண்டே வளர்ந்தது. மண்ணை இவ்வாறு கணிதத்துக்குள் அடக்கலாம். மனிதன் ஒழுகும் ஒழுக்கத்தையும் அவ்வாறு அடக்க இயலுமா?

இயலும் என்று கருதியவர் கர்ட் லெவின். 1890இல் பிறந்த இவ்வறிஞர், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்றார். 1936இல் இடத்தியல் உளவியலின் கோட்பாடுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதனின் நடத்தை, அம்மனிதன், அவனது சூழல் ஆகிய இரண்டையும் சார்ந்தது என்பதும், அவ்விரண்டும் சேர்ந்த ‘வாழ்வுவெளி’யைப் படமாக வரைந்தால் அவன் நடத்தை விளங்கும் என்பதும் அந்நூலின் உட்கிடை.

இங்கு இடத்தியல் என்பது நீள அகலங்களைக் கணக்கிடும் கணிதமன்று. ரப்பர்த் தாளில் ஒரு வட்டம் வரைந்து தாளை எப்படி இழுத்தாலும், வட்டத்தின் உருவம் மாறுமேயன்றி, உள்ளே இருந்த புள்ளி உள்ளேயே இருக்கும். வெளியே இருந்தது வெளியேயே நிற்கும். எது எதனோடு ஒட்டியிருக்கிறது, எங்கே எல்லை, எந்த எல்லையைக் கடந்தால் எங்கே செல்லலாம் என்பனவே அக்கணிதத்தின் வினாக்கள்.

இக்கருத்தின் வலிமையை உணரப் பல்லாவரமே போதும். பெருஞ்சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஊரை ஊடறுத்துச் செல்கின்றன. கூப்பிடு தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லவும் பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சுற்ற வேண்டியுள்ளது. சங்கிலி அளவில் அண்மையானது, கால் அளவில் சேய்மையாகிவிடுகிறது. முதியவர் ஒருவர் உறவினர் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டால், பாசம் குறைந்துவிட்டது என்று குறைகூறுகிறோம். குறைந்தது பாசமன்று, பாதை. லெவின் 1938இல் வெளியிட்ட மற்றொரு நூலில் ‘வழிவெளி’ என்னும் கருத்தைக் கொண்டு இத்தகைய நிலைகளையே விளக்க முற்பட்டார். ஒருவர் குணத்தைப் பழிக்குமுன் அவர் முன்னுள்ள தடையைப் பார் என்பது அந்நூல்கள் நமக்குத் தரும் நன்மை. அதனை மறுப்பதற்கில்லை.

தமிழுக்கு இஃது முற்றிலும் புதிதுமன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவற்றின்மேல் மாந்தர் ஒழுக்கத்தை வைத்துக் காட்டினார். பிரிவுக்குரிய பாலைக்கு மட்டும் தனி நிலம் வகுக்கவில்லை. முதல் உலகப்போரில் படைவீரராக இருந்த லெவினும், 1917இல் எழுதிய கட்டுரையில், அமைதிக் காலத்தில் எத்திசையும் ஒன்றுபோல் விரியும் நிலம், போர்முனையை அணுகும் வீரனுக்கு முன், பின் என்னும் திசைகளும் ஓர் எல்லையும் உடையதாக மாறுகிறது என்று காட்டினார். மனநிலை மாற நிலமும் மாறும் என்பதை இருவரும் கண்டனர்.

எனினும் ஒரு கருத்தை அதன் வலிமையான இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்ப்பது திறனாய்வாகாது. முல்லைப்பாட்டை உரைகல்லாகக் கொள்வோம். பின்னாளில் பல்லாவரத்தில் குடியேறி, 1950இல் மறையும்வரை அங்கே வாழ்ந்த மறைமலையடிகள், 1903இல் இப்பாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார். அடிகளை இடம்மாற்றிக் கூட்டிப் பொருள்கொண்ட நச்சினார்க்கினியரின் முறையை மறுத்து, பாட்டைப் பாட்டின் போக்கிலேயே படிக்க வேண்டும் என்றார். அவ்வாறு படித்தால், 103 அடிகளே உடைய அப்பாட்டு வீட்டையும் பாசறையையும் மாறிமாறிக் காட்டுவது புலனாகும். அரசன் முள்வேலியிட்ட பாசறையில், காவலர் சூழ, உறக்கமின்றி இருக்கிறான். அரசி எழுநிலை மாடத்தில், மழைநீர் விழும் ஓசையைக் கேட்டவாறு, கண்ணீருடன் நெஞ்சைத் தேற்றிக்கொண்டு இருக்கிறாள்.

லெவின் முறையில் இதனை வரைந்தால் என்ன கிடைக்கும்? ஒரு வட்டத்துக்குள் அரசி, வேறொரு வட்டத்துக்குள் அரசன், இடையே தடை, அவனை நோக்கி இழுக்கும் விசை. படம் பிழையன்று. ஆனால், கதவு வெளியே பூட்டப்பட்டமையால் உள்ளே கிடக்கும் ஒருத்திக்கும் இதே படத்தைத்தான் வரைய நேரும். ஒருத்தி அடைபட்டிருக்கிறாள், மற்றொருத்தி, தலைவன் வருவான் என்ற உறுதியைப் பற்றிக்கொண்டு, ஆற்றியிருக்கிறாள். முல்லைக்கு உரிப்பொருள் ‘இருத்தல்’ என்று நம் முன்னோர் வகுத்தனர். இருத்தல் செயலின்மையன்று, அதுவே ஒரு செயல்.

‘அவள் உள்ளத்தின் உறுதியையும் ஓர் எல்லைக்கோடாக உள்ளே வரைந்துகொள்ளலாமே’ என்று லெவின் பக்கத்தார் விடை கூறக்கூடும். வரையலாம். ஆயின் அக்கோடு அங்கே உண்டு என்று எப்படி அறிந்தோம்? அவள் சொல்லையும் ஒழுக்கத்தையும் கண்ட பின்னரன்றோ! அறிந்ததை வரைந்து வைப்பது குறிப்பு. அறியாததைக் காட்டித் தருவதே விளக்கம். நடந்த பின் வரைந்த படத்தைக் கொண்டு நடந்ததை விளக்குவது வட்டமடிக்கும் வாதம்.

அரபியில் ‘ஸபுர்’ என்னும் சொல்லுக்கு அகராதியார் ‘தடுத்து நிறுத்துதல், அடக்கி வைத்தல்’ என்றே மூலப்பொருள் தருகின்றனர். அங்கும் ஓர் அடைப்பு உண்டு. ஆனால் அடைப்பவரும் அடைபடுபவரும் ஒருவரே. இடத்தியல் கோடு எங்கே என்று கூறும். கோட்டை இட்டவர் யார் என்று கூறாது.

இவ்வேறுபாடு ஏட்டுச் சண்டையன்று. பொருள் தேடி வளைகுடா நாடுகளுக்குக் கணவர் சென்றிருக்க, ஆண்டுக்கணக்கில் இல்லம் காக்கும் பெண்கள் நம் குடும்பங்களில் பலர். ‘வீட்டுக்குள் இருப்பவள்தானே, வேறென்ன செய்வாள்’ என்போர் அவள் உறுதியை வெறும் சுவராக்கிவிடுகின்றனர். மறுபுறம், வெளியேற வழியே இல்லாதவளை ‘எத்தகைய பொறுமைசாலி!’ என்று புகழ்வோர் சுவரைப் பண்பாக்கிவிடுகின்றனர். இரண்டும் அநீதியே.

ஆகவே லெவினின் நூலைத் தள்ளவும் வேண்டா. தலைமேல் வைக்கவும் வேண்டா. பொறுமையைப் புகழுமுன் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க அவர் கற்பிக்கிறார். பூட்டியிருந்தால் திறந்து விடுவது நம் கடமை. திறந்திருந்தும் ஒருத்தி உள்ளே நிற்கிறாள் எனில், காரணத்தைப் படத்தில் தேடுவதை விட்டு அவளிடமே கேட்டறிதல் வேண்டும்.