ஆறு கிழமைத் தீவு

எழுத்தாளர்களும் ஓவியர்களும் சில கிழமைகள் ஒரு தீவில் ஒதுங்கியிருந்து படைப்பது ஐரோப்பாவில் இன்று ஓர் ஏற்பாடாகவே ஆகிவிட்டது. சுவிசில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பீல் ஏரியின் சென் பீற்றர் தீவு நினைவுக்கு வரும். 1765இல் ரூசோ தங்கிய அறையை, விடுதியாகிவிட்ட பழைய மடத்தில் இன்றும் காட்டுகிறார்கள். 'தனித்து நடப்பவனின் சிந்தனைகள்' என்று சொல்லக்கூடிய அவரது கடைசி நூலின் ஐந்தாம் உலா இந்தத் தீவைப் பற்றியது. ஏகாந்தத்தின் புகழ்ச்சியாகவே பலரும் அதை வாசிக்கிறார்கள். அகதியாய் வந்தவன் வாசித்தால் வேறொன்று தெரிகிறது.

ரூசோ ஓய்வு தேடி அங்கு போகவில்லை. 1762இல் அவரது 'எமீல்' பாரிசிலும் ஜெனீவாவிலும் எரிக்கப்பட்டது. அதே ஆண்டு பேர்ண் அரசு அவரை ஈவர்டோனிலிருந்து வெளியேற்றியது. 1765 செப்டெம்பரில் மோத்தியே கிராமத்தில் அவர் வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள். அதன் பிறகுதான் தீவு. அதுவும் பேர்ண் ஆட்சிக்குட்பட்டதே. ஒக்ரோபர் 25இல் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று. போகுமுன், தன்னை ஆயுள் முழுவதும் தன் சொந்தச் செலவிலேயே சிறை வைத்திருக்கும்படி விண்ணப்பித்தார். பலனில்லை. ஒதுங்கப் போகிறவனுக்குத் திரும்பும் நாள் அவன் கையில். ஒதுக்கப்பட்டவனுக்கு அதை வேறொருவர் கடிதத்தில் எழுதி அனுப்புகிறார்.

தீவில் இருந்தது சுமார் இரண்டு மாதம் என்கிறார் ரூசோ. நாட்காட்டியின்படி ஆறு கிழமைதான். இந்தக் கணக்குப் பிழை எங்களுக்கு விளங்கும்.

அங்கே அவர் என்ன எழுதினார்? புத்தகப் பெட்டிகளைப் பிரிக்கவேயில்லை. மைக்கூடுகூட இல்லாமல், கடிதம் எழுத நேர்ந்தால் தீவின் காரியக்காரரிடம் கடன் வாங்கினார். செடி கொடிகளை ஆராய்ந்து திரிந்தார். ஐந்தாம் உலா எழுதப்பட்டது பத்தாண்டுகளுக்கும் மேலான பின்னர், பாரிசில். அமைதி கிடைத்தபோது அவர் எழுதவில்லை, அதை இழந்தவனாகத்தான் எழுதினார்.

இந்த உரைநடையில் எனக்கொரு குறையுண்டு. பெரிய தீவின் சேதத்தைச் சீர்செய்ய அருகிலிருக்கும் சின்னத் தீவிலிருந்து மண் அள்ளுவதைக் கண்டு, எளியவரின் உடைமை வலியவருக்கே போகிறது என்று வருந்துகிறார். அதே பக்கங்களில், தன்னோடு வாழ்ந்த காரியக்காரர் குடும்பத்தையும் வேலையாட்களையும் நல்ல மனிதர்கள், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். மண்ணில் கண்ட நியாயத்தை அவர் குசினியில் காணவில்லை. றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கும் எனக்கு இது உறுத்துகிறது. எந்தக் கலைஞனின் ஏகாந்தத்திற்குப் பின்னாலும் கோப்பை கழுவுகிற ஒருவர் இருக்கிறார்.

எழுத அமைதியில்லை என்று எம்மவர் அடிக்கடி சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ரூசோவுக்கு அந்தத் தீவில் அமைதி குறைவாயிருக்கவில்லை. இருப்பதற்கான உரிமைதான் இல்லாமலிருந்தது. ஐந்தாம் உலாவை இயற்கை வர்ணனை என்று தள்ளிவைக்காமல், நிராகரிக்கப்பட்ட ஒரு விண்ணப்பமாக எடுத்து நாங்கள் வாசிக்க வேண்டும்.